இருநூற்றைம்பத்தைந்து எழுத்து

பகலில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு கொமியூனிகேஷனில் நிற்கிறேன்.
போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புதல்.
அடையாள அட்டையோ வங்கிக் கணக்கோ
டுபாய் வேலையோ, எதுவானாலும்
திரை கேட்பது ஒன்றுதான்:
வீட்டு இலக்கம். வீதி.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர்
தோட்டத்தின் பெயரை இரண்டாம் முறை சொல்வார்,
எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து.
நான் பூச்சியம் அடிப்பேன்.
வீதிக்கு ஒரு கோடு.
திரை திருப்தியாகி அடுத்த பக்கம் போகும்.

ஐந்து மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு
மேட்டில் ஏறினால் தொழில்நுட்பக் கல்லூரி.
இருபத்தெட்டுப் பேருக்குப் பதினொரு கணினி.
ஏழாவது, மழை நாளில்
ஒரே ஓர் எழுத்தை மட்டும் மறந்துவிடும்.
இனோகா மிஸ் கம்பளையிலிருந்து வருகிறார்.
சிங்களத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார்,
நடுவில் எங்களுக்காக ஒரு ‘விளங்குதா’.

இந்த வார ஒப்படை: மாணவர் தரவுத்தளம்.
முகவரிக்கு ‘நொட் நல்’ போடுங்கள் என்றார்.
வெறுமையாக விடக்கூடாது என்று பொருளாம்.
எனக்கென்னவோ ‘நல்’ என்றால்
நல்ல என்றே காதில் விழுந்தது.
கொப்பியில் எழுதி, வெட்டி, மறுபடி எழுதினேன்.

முதல் தடவையாகக்
கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
இலக்கத்தைத் தூக்கினேன். வீதியைத் தூக்கினேன்.
ஒரே நிரல் வைத்தேன், பெயர்: எப்படி வருவது.
இருநூற்றைம்பத்தைந்து எழுத்து.
தாராளம் என்றுதான் நினைத்தேன்.

ரிகாஸுக்கு இலக்கமும் உண்டு வீதியும் உண்டு.
அவனே, “பெல் அடிக்காதே, வேலை செய்யாது” என்றான்.
மதுரவாணி: பாலம் தாண்டி இறங்கு,
கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று கோல் எடு,
அதற்கு மேலே சிக்னல் இல்லை.
திலக்ஷன் மட்டும் கொஞ்சம் யோசித்து,
“மண்சரிவுக்கு முந்தியா, இப்போதா?” என்றான்.

சேமித்துத் திறந்தால் எல்லாரும் கேள்விக்குறி.
பாலம் ஐந்து கேள்விக்குறி.
மடுவம் ஆறு.
மண்சரிவு எட்டு.
தமிழ் தெரியாத அட்டவணைக்குள்
தமிழை அனுப்பியிருக்கிறேன்.
குறிமுறையை மாற்ற ஒரு வரி போதும்.
அந்த வரியைத் தேட மூன்று மாலைகள்,
இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.

பிறகு என்னுடையது:
டிப்போவில் இறங்கி மேல்பிரிவுக் கல்ரோட்டில் ஏறவும்,
கோயிலைக் கேட்க வேண்டாம், இரண்டு இருக்கிறது,
தண்ணீர்த் தாங்கிக்கு இடப்பக்கம் மூன்றாவது லயம்,
கடைசிக்கு முந்திய காம்பரா,
கூரையில் நீலத் தறப்பாள்,
நாய் குரைக்கும், கடிக்காது,
வாசலில் மூடியில்லாத பீப்பாய், கத

அங்கேயே நின்றுவிட்டது.
நாயின் ‘நா’ எனக்கு ஓரெழுத்து,
இயந்திரம் காலைத் தனியாக எண்ணுகிறது.
புள்ளிக்கும் காசு பிடிக்கிறது.
வாசல் வரைக்கும் வந்தவருக்கு
பாதிக் கதவு.

இனோகா மிஸ் குனிந்து பார்த்தார்.
“காம்பரா?”
“காமரய, மிஸ்.”
“எத்தனை?”
“ஒன்று.”
“எத்தனை பேர்?”
“ஆறு.”
வேறொன்றும் கேட்கவில்லை.
முகவரியைப் பிரித்து வைக்காததற்கு
நான்கு புள்ளி குறைத்தார்.
பலகையை அழிக்கப் போனவர், அழிக்காமல்,
நீளத்துக்கு எல்லை கேட்காத வகையொன்றின் பெயரை
மூலையில் சின்னதாக எழுதிவிட்டுப் போனார்.

ஏழே முக்கால். கடைசி பஸ் கீழே உறுமுகிறது.
காவலாளி சாவிக்கொத்தை ஆட்டுகிறார்.
வகையை மாற்றிவிட்டு
விட்ட இடத்திலிருந்து அடிக்கிறேன்:
வைத் தட்ட வேண்டாம்,
தம்பிக்கு ஃபெக்டரியில் இரவு வேலை,
பகலில் தூங்குவான்.
பக்கத்து ஜன்னலில் மெதுவாகக் கூப்பிடவும்.