தனிமைத் தூரம்

ஹம்போல்ட்டுக்கு வடக்கே சரளைச் சாலை பிரியுமிடத்தில்
வண்டியை நிறுத்திக் காலணிக்கு உறை மாட்டுகிறேன்.
ஜூலை பதினாறு. காற்று தென்மேற்கு.
படிவத்தில் காற்றுக்கென்று கட்டம் கிடையாது,
ஓரத்தில் எழுதிவைப்பது என் பழக்கம்.

அளவுச் சக்கரத்தைத் தள்ளி நடக்கிறேன்.
மீட்டருக்கு ஒரு டிக்.
இருநூறு டிக் வரை
அந்தப் பயிரின் இனத்தில் வேறெதுவும் பூக்கக் கூடாது.
விதிமுறை இதற்கு வைத்த பெயர் தனிமைத் தூரம்.
கவிதை எழுதவே தெரியாத ஓர் அதிகாரி
கைதவறி எழுதிவிட்டார் போலும்.

நடுவே சோதனைப் பாத்தி.
நான்கு கம்பம், ஓர் எண், கம்பெனிப் பெயர் இல்லை.
வறட்சியில் வாடாதிருக்க
எங்கோ ஒரு செடியிடம் மரபணு இரவல் வாங்கிய கனோலா.
பார்வைக்கு மஞ்சள்,
மற்றதெல்லாம் எப்படியோ அப்படியே மஞ்சள்.

சுற்றிலும் பார்லி. அதையும் தாண்டி
வானத்தில் முட்டும்வரை விற்பனைக் கனோலா.
அதுவும் மரபணு மாற்றியதுதான்.
நான் இந்த நாட்டில் வந்திறங்குமுன்பே
அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.
இதற்கு விசாரணை நடக்கிறது.
அனுமதி பெற்றதும் பெறாததும்
முகத்தில் எழுதியிருக்காது.
ஏழு வருடம் கோப்பு எண்ணாக இருந்தவள் நான்,
எனக்குத் தெரியும்.

நூற்று முப்பத்தேழாவது டிக்கில்
மதகுக் குழாயின் வாயருகே
ஒற்றைச் செடி.
நான்கு பூ. ஒன்றில் தேனீ.

வேலி பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன்.
இங்கே பயிர் வேலி தாண்டியதா,
இல்லை லாரியிலிருந்து உதிர்ந்து
வெளியிலிருந்து உள்ளே வந்ததா?

இலையைக் கிள்ளிக் குப்பியில் நசுக்கி
சோதனைத் தாளை நட்டுவைத்துக்
குந்தியிருக்கிறேன்.
ஐந்து நிமிடம்.
ஒரு கோடென்றால் இல்லை, இரண்டென்றால் ஆம்.
இப்படி ஒரு தாளை வெறித்தபடி
குளியலறைத் தரையில் இருந்த காலையும் உண்டு.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

இரண்டு கோடு.
ஆனால் அக்கம்பக்கத்துச் செடி எதைக் கிள்ளினாலும்
இதே இரண்டுதான் விழும்.
தாளுக்கு வேற்றுமை தெரியாது.
ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும், மூன்று வாரம்.

புழுதியோடு ஒரு பிக்கப் வந்து நின்றது.
டார்லீன் ஃப்ரீசன். கிழக்கே நூற்றறுபது ஏக்கர்,
ரசாயனம் படாத கடுகு. மூட்டை போவது ஜெர்மனிக்கு.
"யாருடையது?"
"தெரியவில்லை. இப்போதே பிடுங்குகிறேன்."
வேரோடு பிடுங்கி, இரட்டைப் பையில் போட்டு,
முத்திரை ஒட்டி, கையெழுத்திட்டேன்.
எல்லாவற்றையும் பார்த்திருந்துவிட்டு
"தேனீ எங்கே?" என்றாள்.

தேனீ போய்விட்டது.
இருவரும் கிழக்கே பார்த்தோம்.
பார்த்து என்ன ஆகப்போகிறது?

படிவம் கேட்கிறது: பூத்திருந்ததா? ஆம்.
மகரந்தம் வெளியேறியதா?
ஆம், இல்லை என்று இரண்டே கட்டம்.
ஓரத்தில் எழுதினேன்: தேனீ, ஒன்று.

ஆகஸ்டில் முடிவு வந்தது.
சோதனைச் செடி அல்ல. அனுமதி பெற்ற வகை, சாலையோரச் சிதறல்.
மேலாளர் நிம்மதியாகக் கோப்பை மூடினார்.
நானும் மூச்சுவிட்டேன், பொய் சொல்வானேன்.

டார்லீனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
மறுமுனையில் உலர்த்தி இரைந்துகொண்டிருந்தது.
"ஜெர்மன்காரன் இதைக் கேட்டு வாங்குவானா?" என்றாள்.
"உங்கள் அனுமதியை அவன் தாளும் படிக்காதே."

என்னிடம் பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.
என் சக்கரம் இருநூறோடு நின்றுவிடும்.
அவள் கடுகு
இருநூற்றுப் பத்தில் தொடங்குகிறது.