எட்டாவது வரைவு

ஐந்து ரோட்டில், மொபைல் கடை மாடி.
கீழே தட்டுவடை செட் வண்டியில் பீட்ரூட் துருவுகிறார்கள்.
பெனாசிர் அனுப்பிய அட்டைப்படத்தைத்
தபால்தலை அளவுக்குச் சுருக்குகிறேன்.
கடையில் யாரும் நம்மைப் பெரிதாகப் பார்ப்பதில்லை,
கட்டைவிரல் கடந்துபோகும் நேரம்தான்.

நெருப்பு கக்கும் டிராகன்.
லாரிக்கு மேலே ஒரு பெண், கையில் வாள்.
நம் விளையாட்டில் டிராகன் எங்கே இருக்கிறது?
வாள்?
லாரி இருக்கிறது. ஆரஞ்சு மூட்டை ஏற்றி
ஏற்காட்டிலிருந்து இறங்குகிறது.
இருபது கொண்டை ஊசி, பனி,
எதிரே யாரோ, எந்த ஊரோ.

"டிராகன் இருந்தாத்தான் தொடுவாங்க"
என்கிறான் கோகுலவாசன்.
தொட்டவர்கள் பிறகு உள்ளே தேடுவார்களே.

அடுத்து வாசகம்.
'ஆயிரமாயிரம் வீரர்களுடன் முடிவில்லாச் சாகசம்!'
நேற்று ராத்திரி பதினொரு பேர்.
அதில் நாலு பேர் நாங்கள்.
முடிவும் இருக்கிறது, அடிவாரச் செக்போஸ்டில்,
டீ ஆறுவதற்குள் வந்துவிடும்.
முதலில் ஆச்சரியக்குறியை அழித்தேன்.
மற்ற சொற்கள் தாமாகவே கூசிப்போயின.

மிஞ்சிய வெள்ளையில்
மலைப்பாதைப் பலகையில் இருப்பதையே எழுதினேன்:
ஏறி வரும் வண்டிக்கு வழிவிடவும்.

பெனாசிர் ஒன்றும் கேட்கவில்லை.
அரைமணியில் வந்தது எட்டாவது வரைவு.
சாம்பல். சாம்பலுக்குள் இரண்டு மஞ்சள் புள்ளி.
சுருக்கினால் கடுகு.
"ஒண்ணுமே தெரியலையே?"
பதினாலாவது வளைவில் அப்படித்தான், கோகுல்.

பதிவேற்றும் படிவம் வகை கேட்டது.
பந்தயம், சண்டை, புதிர்.
வழிவிடுவதற்குக் கட்டமே இல்லை.
பந்தயம் என்று தொட்டேன்,
வேறு வழியில்லாமல்.