வேலந்தாவளம், ஜன்னல் எண் இரண்டு

கணவாய்க் காற்றுக்குப் பெர்மிட் கிடையாது.
ஆடியில் பாலக்காட்டிலிருந்து புறப்பட்டு
என் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு
நிற்காமல் கோவைக்குப் போகும்.
மார்கழியில் திரும்பும்போது
அந்தப் பக்கத்துப் புகையோடு வரும்.
அதை நான் ஒருநாளும் மறித்ததில்லை.

நான் மறிப்பது லாரிகளை.
பலகையில் மலையாளத்தில் ஹரித நிகுதி,
கீழே தமிழில் பசுமை வரி,
நடுவில் எப்போதும் ஒரு பல்லி.
பதினைந்து வயது தாண்டிய வண்டி என்றால்
ஏட்டில் சிவப்பு மை.

ஆறுச்சாமியின் வண்டிக்குப் பதினெட்டு.
கிணத்துக்கடவுத் தக்காளி, நூற்றிருபது பெட்டி,
முன் கண்ணாடியில் டேப் ஒட்டிய விரிசல்.
“ஏனுங் மேடம், என்ற வண்டி பொகை உடுதுன்னு
காசு கேக்கறீங்க, செரி.
பொகை உடாத வண்டி வாங்கறக்குக் காசிருந்தா
நான் எதுக்குங் பொகை உடறேன்?”

இதற்குப் பதில் சுற்றறிக்கையில் இல்லை.

அவருக்குப் பின்னால் புத்தம் புதிய வெள்ளைக் கார்.
ஒரே ஓர் ஆள்,
ஏசியை அணைக்காமல் பத்து நிமிடமாக ஹாரன்.
வண்டிக்கு வயது மூன்று மாதம், வரி இல்லை,
கையசைத்து அனுப்பினேன்.
ஓர் ஆள் போக எவ்வளவு புகை,
ஒரு கிலோ தக்காளி போக எவ்வளவு புகை
என்று கேட்கும் கட்டம் படிவத்தில் கிடையாது.

ஆறுச்சாமியிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.
செக்போஸ்டுக்குப் பின்னால்தான் எங்கள் குவார்ட்டர்ஸ்.
ராத்திரி வரிசையில் நிற்கிற என்ஜின்கள்
என் மகள் ஜெனிட்டாவின் நெஞ்சுக்குள்ளும் உறுமும்.
மூன்று மணிக்கு நெபுலைசரைப் பிடித்தபடி
இந்த வரி பத்து மடங்கானால்தான் என்ன என்று
நினைத்திருக்கிறேன்.
காலையில் கவுன்டரில் உட்கார்ந்ததும்
அதை நினைத்தால் கூச்சமாயிருக்கும்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
வாட்ச்மேன் சுகுணன் கயிற்றைச் சுண்டி இழுக்க
எங்கள் ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது.
ஒரு முழம் கறுப்பு
பசுமை வரிப் பலகையைத் தடவிக்கொண்டு போனது.
ஆறுச்சாமி சிரிக்கவில்லை.
நோட்டுகளை நீவி வைத்துவிட்டு
“இதுக்கும் சேத்து ஒரு ரசீது போடுங்” என்றார்.
கம்ப்யூட்டருக்கு உயிர் வந்ததும்
அவருக்கு மட்டும் போட்டேன்.

நாலாயிரத்து எண்ணூறு.
மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போதே
கணக்குப் போட்டுவிட்டார்.
“யாவாரி வாடகை ஏத்தமாட்டான்.
காட்டுக்காரங்கிட்டப் பொட்டிக்கு ரெண்டு ரூவா புடிக்கோணும்.
வேற எங்கீங் போறது?”

மாலையில் வசூலைக் கூட்டினேன்.
அறுபத்திரண்டாயிரத்து நானூறு,
திருவனந்தபுரம் போகிற பணம்.
பழைய காகிதமொன்றில் சும்மா வகுத்துப் பார்த்தேன்.
இந்த முக்கில் மூச்சு விடுகிறவர்கள்:
டீக்கடை மொய்தீன்குட்டி, பஞ்சர் கடையில் இரண்டு பேர்,
லைன் வீடுகளில் முப்பத்தொன்று, ஜெனிட்டா, சுகுணன்,
வரிசையில் நின்ற டிரைவர்கள், கிளீனர்கள்,
எல்லாருமாக நூற்று நான்கு.
தலைக்கு அறுநூறு ரூபாய்.
பைசா மிச்சமில்லாமல் வகுபட்டது.
அந்தக் கார்க்காரரைச் சேர்ப்பதா என்று மட்டும் தெரியவில்லை.
அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை.

காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

கொழிஞ்சாம்பாறையில் தக்காளி முப்பத்தெட்டு.
போன வாரம் முப்பத்தாறு.
“ரெண்டு ரூபா எதுக்கு ஏறுச்சு?”
“லாரிக்காரங்களுக்கு ஏதோ டாக்ஸாமுங்”
என்றாள் மயிலாத்தாள்.
எந்த டாக்ஸ் என்று நான் கேட்கவில்லை.
முப்பத்தாறுக்குப் போடுவதானால்
இரண்டு கிலோ எடுக்கிறேன் என்றேன்.

என் கழுத்தில் கழற்ற மறந்த
அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் தராசில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கொட்டினால்
அடியில் நாலைந்து நசுங்கியிருந்தன.
அலசி, அதையும் குழம்பில் போட்டேன்.