சர்வே எண் 417/2

தணிக்கை அதிகாரி கேட்டது ஒரு பக்கம்தான்:
குன்னூர் நகராட்சிக்குச் சொந்தமான கால்பந்துத் திடல்,
எப்போது, எவ்வளவு செலவில், இன்றைய மதிப்பு.
மூன்றாவது பீரோவைத் திறந்தேன்.
எலி தின்றது போக மீதி வரலாறு இது.

முதல் தாளில் திடல் இல்லை. சதுப்பு.
எருமை மேய்ந்த இடமென்று யாரும் எழுதவில்லை;
"உபயோகமற்றது" என்று எழுதியிருக்கிறார்கள்,
அழகான கையெழுத்தில்.
பிறகு மண் கொட்டிய கணக்கு:
ஆயிரத்து நூறு வண்டி, வண்டிக்கு இரண்டணா,
மாடு ஒன்று செத்ததற்கு ஈடு பதினெட்டு ரூபாய்.
வண்டிக்காரரின் கைநாட்டு இருக்கிறது.
பெயர் இல்லை.

முதலில் தோட்டத் துரைகள் ஆடினார்கள்.
வேலிக்கு வெளியே பந்து பொறுக்க
நாலணாவுக்கு எட்டுப் பையன்கள்.
சரிவு அப்படி. வடக்குக் கோலிலிருந்து ஓங்கி உதைத்தால்
தேயிலைக்குள் இறங்கி, ஓடைக்குள் இறங்கி
மேட்டுப்பாளையம் போய்த்தான் நிற்கும் என்பார்கள்.
"பந்து இழப்பு" என்று தனித் தலைப்பே உண்டு கணக்கில்.
அந்தப் பையன்களில் ஒருவன் பெள்ளி,
1949-இல் நகராட்சி அணிக்குக் கேப்டன்.
பழைய நாலணாவில் தன் பங்கு வரவில்லையென்று
அவன் போட்ட மனுவும் இதே கட்டில்.

எழுபத்தொன்றில் திடல் முழுக்கக் கூடாரம்.
தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபத்தில் காத்திருந்து
"தாயகம் திரும்பியோர்" என்று முத்திரை வாங்கி
பார்த்தேயிராத தாயகத்தில் வந்து இறங்கியவர்கள்.
ஒன்பது மாதம். இரண்டு குழாய்.
விளையாட்டுக் கழகத்தின் ஆட்சேபக் கடிதங்கள் நான்கு.
ஐந்தாவதன் தொனி வேறு:
"கூடாரம் 32, செபமாலை என்பவரை
எங்கள் இடது ஓரத்தில் ஆட அனுமதிக்க வேண்டுகிறோம்.
பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். கழற்றிவிட்டார்.
பாதகமில்லை."

அப்புறம் 1974, இறுதியாட்டம், நடுவரின் அறிக்கை:
எண்பத்தேழாம் நிமிடம் பனிமூட்டம் இறங்கியது.
ஆடுபவர் குரல் மட்டும் கேட்டது.
இரண்டு பக்கத்திலும் கோல் என்று கத்தினார்கள்.
பந்தைத் தேடினோம். வலைக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை.
முடிவு பின்னர் அறிவிக்கப்படும்.

கோப்பில் அறிவிப்பு எதுவும் இல்லை.
கோப்பை ஆணையர் அறையில் இருக்கிறது.
அதில்தான் ரப்பர் ஸ்டாம்புகளைப் போட்டு வைக்கிறோம்.

இதற்குப் பின் தாள்கள் மெலிகின்றன.
சர்க்கஸ். பொருட்காட்சி. ஹெலிகாப்டர் இறங்கிய ஒரு தேர்தல்.
மண்சரிந்த ஆண்டில் நடுக்கோட்டு நெடுக
பாய்மேல் கிடத்தப்பட்ட பதினோரு பேர்.
அன்றைக்கு மட்டும் செலவுச் சீட்டே இல்லை;
சுண்ணாம்பு, பாய், பெட்ரோமாக்ஸ் எல்லாம்
யாரோ சும்மா கொடுத்திருக்கிறார்கள்.
இப்போது மே மாதத்தில் கார் நிறுத்தம்,
நாளொன்றுக்கு நூற்றைம்பது.

மதியம் நேரில் போய்ப் பார்த்தேன்.
தெற்குக் கோல் வாயில் தண்ணீர் ஊறுகிறது.
குழாய் உடைப்பென்று மூன்று முறை தோண்டியாயிற்று.
அங்கே குழாயே கிடையாது.
பெண்கள் அணியின் கோல்கீப்பர் ஜெசிந்தா
தவளை ஒன்றைப் பூட்ஸ் நுனியால் ஓரம் தள்ளிவிட்டுப்
பந்தை வைத்தாள்.
வழுக்காதா என்றேன்.
"வழுக்கும் சார். அவங்களுக்கும்."

நிலவகை: திடல் என்று எழுதி,
அடித்துவிட்டு, மறுபடி திடல் என்றே எழுதினேன்.
மதிப்பு: காலியாக விட்டிருக்கிறேன்.
வரவேண்டிய இனங்கள் என்று கடைசியில் ஒரு கட்டம்.
பந்து, ஒன்று.
1974 முதல் நிலுவை.