அறுபத்து நான்கு பைட்

காசிமேட்டில்
ஐஸ் கம்பெனி மாடியில் என் அறை.
மூன்று இரவாகக் கெர்னலைத் துருவுகிறேன்.
எங்கோ ஒழுகுகிறது நினைவகம்.

கீழே எபினேசர் யாரையோ ஏசுகிறார்:
"மீன் மாட்னா பொட்டி தானா வந்துரும்.
மாட்லன்னா
எவன்டா கொண்டாந்து குடுக்கறான்?"

டீ ஆறிவிட்டது.
'பிழை என்றால் திரும்பு'
அந்த வரிக்குப் போனேன்.
திரும்புகிறது.
வாங்கிய அறுபத்து நான்கு பைட்டைத்தான்
திருப்பவில்லை.

தெரிந்த ஒருவன் போதும்.
வேண்டுமென்றே தப்பாகக் கேட்பான்,
லட்சம் தடவை.
பூட்டைத் தொடமாட்டான்.
கால் வைக்க இடமின்றி
இயந்திரமே சாயும்.

ஒரு வரி சேர்த்தேன்.

விடியலில் படகுகள், பாதி வெறுமனே.
எபினேசர் பெட்டிகளை எண்ணுகிறார்.
நாற்பத்தொன்று என்கிறார்,
நம்பாமல்
மறுபடி ஒன்றிலிருந்து.