தீயணைப்புக்கும் சம்மதமா: ஆம் / இல்லை

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி.
பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டம்.
'இல்லை'மேல் பேனா முனையை வைத்தபடி
ஈசூன் கோப்பிக் கடையில்
தே ஆறி ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
இது ஐந்தாவது படிவம்.

பயமா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
பயிற்சிக் கோபுரத்தில் ஆறு மாடி ஏறியிருக்கிறேன்,
முதுகில் காற்றுக் கலன், தோளில் சுருட்டிய குழாய்.
நேரம் வைத்தார்கள்; தேறிவிட்டேன்.
முகமூடிக்குள் என் மூச்சு மட்டுமே கேட்டது.
அதுதான் சரிப்படவில்லை.
அடுத்தவர் மூச்சைக் கேட்கத்தானே
இந்த வேலைக்கு வந்தேன்?

அண்ணன் சுபாகர் சொல்கிறான்:
"கூடுதலா ஒரு வித்தை தெரிஞ்சா
கூடுதலாச் சம்பளம். உனக்கென்ன கசக்குது?"

கசக்கவில்லை.
போன வருஷம் ஒரு புளோக்கின் ஒன்பதாம் மாடியில்
மின்சைக்கிள் பேட்டரி வெடித்துப் பற்றிக்கொண்டது.
நான் தனியார் வண்டிக்காரி,
டயாலிசிஸ் முடிந்த கிழவரை வீட்டில் விடப் போனவள்.
சிவப்பு வண்டி வந்தது. குழாயோடு உள்ளே போனார்கள்.
ஒரு பையனைத் தூக்கி வந்து என் முன்னே கிடத்திவிட்டுத்
திரும்பவும் உள்ளே போனார்கள்.
மூக்கு மயிர் கருகியிருந்தது.
ஆக்சிஜன் வைத்து, பெயர் கேட்டு,
அதே பெயரை மறுபடி மறுபடி கேட்டு,
ஒவ்வொரு முறையும் குரல் எவ்வளவு கம்முகிறது என்று
காதால் அளந்துகொண்டு.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள்.
பிடுங்கியதைக் கையில் வாங்கிக்கொள்ள
வெளியே ஒருத்தி நிற்க வேண்டாமா?

'இல்லை'யில் குறியிட்டேன்.

அந்த நிறுவனம் பதில் போடவே இல்லை.
மாரத்தான் ஓட்டத்தில் கூடாரத்துக்குள் ஒரு வேலை:
ஞாயிறு மட்டும்.
ஜூரோங் பக்கம் ஆலைக்குள் ஒரு மருந்தறை:
கடைசி வரியில் அங்கேயும் குழாய் சுருண்டு கிடந்தது.
தொழிலாளர் விடுதியில் இரவுப் பணி, தமிழ் தெரிந்தால் நல்லதாம்;
நான் அழைத்தபோது ஆள் எடுத்தாயிற்று.
கப்பலில் ஒன்று.
அம்மா அந்தச் சொல்லையே முடிக்க விடவில்லை.
"நர்ஸாப் போயேன்டி, தலைக்கு மேல கூரையாவது இருக்கும்."

எனக்கு வேண்டியது கூரைக்கு முந்திய இருபது நிமிஷம்.
படுக்கையை நிமிர்த்திப் பிடித்தால்தான் கொள்ளும் பழைய மின்தூக்கி,
வாசல் வாசலாகச் செருப்பு, பூந்தொட்டி, சைக்கிள்,
"சாக்கிட் மானா, மக்சிக்?" என்று வாய் கேட்கும்போதே
மணிக்கட்டைத் தேடிப் போகும் விரல்.

ஒன்பதாவது இடத்தில் திருமதி சியோ,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு:
"தீ வேண்டாம். சரி. என்ன வேண்டும்?"
யாரும் கேட்காத கேள்வி.
ஏன் வேண்டாம் என்பதற்குத்தான்
எட்டு விதமாகப் பதில் மனப்பாடம் செய்திருந்தேன்.
"ஒரு ஆள்" என்றேன்.
"ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஆள்."
அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
சம்பளம் முந்நூறு வெள்ளி குறைவு என்றார்.
மருத்துவமனைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஓடும் வண்டி.
இரவு.

இன்று நாலாம் இரவு.
கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணூற்றைம்பது கிராம்.
பெயர் இன்னும் வைக்கவில்லை,
அட்டையில் அம்மா பெயர் மட்டும்: ரோஸ்லைலா.
தாதி ஹுவீ லிங் மூச்சுக்குழாயைப் பார்த்துக்கொள்கிறாள்,
நான் வெப்பத்தை.
முப்பத்தாறரை. கீழே இறங்கக் கூடாது.

மேம்பாலத்தில் எதிரே சைரனோடு ஒரு சிவப்பு வண்டி.
ஃபர்ஹான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்த்தினான்.
அவர்கள் பார்த்தார்களோ என்னவோ.

முப்பத்தாறு புள்ளி நான்கு.
பொத்தானை ஒரு படி கூட்டினேன்.
எண் மாறட்டும் என்று
பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்,
அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே.