சம்பளமில்லாத இருபத்தெட்டு நாள்

விடுப்புக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில்
'கதை எழுத' என்று எழுதி
அடித்துவிட்டு
'சொந்த வேலை' என்று போட்டேன்.
அடித்த கோட்டுக்கு அடியில்
கதை நன்றாகவே தெரிந்தது.

செங்கோட்டுவேல் முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறயாம்மா?"
"மக ஆறாவதுதானுங்க படிக்கறா."
"பொறவென்ன?"
ஆடி மாதம். வடக்கே மழை.
ஆறு ரிக்கில் நான்கு
சத்தீஸ்கர் சேற்றில் நிற்கிறது.
அதனால்தான் விட்டார்.
போய்ட்டு வா என்றார்.
எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை.

பதினான்கு வருடமாக நான் எழுதுவது ஆழம்தான்.
நாற்பது அடி வரை கேசிங் பைப்.
நூற்றுப் பத்தில் வெள்ளைக் கல்.
முந்நூற்று நாற்பதில் புகை.
அறுநூறிலும் புகை.
தண்ணீர் வராத குழிக்கும்
அடிக்கு இவ்வளவு என்று பில் உண்டு.
கையெழுத்தோடு திரும்பி வரும் நகல்களைத்
திருச்செங்கோட்டில் ஃபேனுக்கு அடியில்
பேப்பர் வெயிட் வைத்துப் பார்ப்பேன்.
தெலுங்கு, இந்தி, கன்னடம்,
ஒன்றும் படிக்கத் தெரியாது.
எந்த எழுத்தில் கை நின்றது என்பது மட்டும் தெரியும்.

முதல் நாள்
இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிவிட்டு
தையல் மெஷினை மூடி அதன்மேல் நோட்டை விரித்தேன்.
எழுதவில்லை, மிதித்துக்கொண்டிருந்தேன்.
தைக்க ஒன்றுமில்லாத சக்கரம் சுற்றியது.
பதினோரு மணிக்கு கேஸ்காரர்.
பன்னிரண்டுக்குப் பக்கத்து வீட்டு ரத்தினா.
"ஒடம்புக்கு முடியலீங்களா?"
"எழுதிட்டிருக்கறனுங்க."
"வீட்லயும் கணக்கா!" என்று பாவப்பட்டு
ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு கடைந்து கொடுத்துவிட்டுப் போனார்.
அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அது.

ஐந்தாம் நாள் மலையை எழுதினேன்.
மலைமேல் விளக்கை எழுதினேன்.
வேறு யாரோ ஏற்றிய விளக்குப் போல இருந்தது.
கிழித்தேன்.
அர்த்தநாரி ஒன்றும் கேட்கவில்லை.
ரசத்தை ஊற்றிக்கொண்டு
காலண்டரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.
நாள் ஒன்றுக்கு ஐந்நூற்று எண்பது.
பெருக்கல் எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் இரவு மாதேசு கூப்பிட்டான்,
பெல்லாரிப் பக்கம் எங்கிருந்தோ.
"அக்கா, லீவுன்னாங்க. புதுப் பையன்
போன எடுக்கறதில்லீங். நீங்களே குறிச்சுக்குங்க."
கையில் அந்த நோட்டுத்தான் இருந்தது.
எழுநூற்று இருபது, புகை, நிறுத்தியாச்சு.
"அப்பறம் பாருங்கக்கா,
ராடு எடுத்ததும் தோட்டத்துக்காரரு
சேர்ல இருந்து எந்திரிச்சு வந்தாருங்.
காலையில இருந்து ஒண்ணும் திங்கலையேன்னு
ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தேன்.
வாங்கி, மூடியத் திருகி,
குழிக்குள்ள ஊத்தறாருங்."
"எதுக்குடா?"
"பாஷை தெரியலீங்க."

பில்லில் அதற்குக் கட்டம் கிடையாது.

விடியும்வரை சேரை மட்டும்தான் எழுத முடிந்தது.
ஒரு கால் உடைந்து, செங்கல் முட்டுக் கொடுத்த
சிவப்புப் பிளாஸ்டிக் சேர்.
மாதேசு நிறம் சொல்லவில்லை, செங்கல் சொல்லவில்லை.
நானாக வைத்த முதல் பொய்.
அதில் அந்த ஆள்
வசதியாக உட்கார்ந்தார்.

இன்று இருபத்தைந்து.
பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.
அவர் இன்னும் மூடியைத் திருகவில்லை.
திங்கட்கிழமை முதலாளி கேட்பார்,
சொந்த வேலை முடிஞ்சுதாம்மா என்று.

மொட்டை மாடிக்குப் போய் மாதேசைக் கூப்பிட்டேன்.
"அன்னைக்கு ஊத்துன தண்ணி,
விழுந்த சத்தம் மேல கேட்டுதா?
எத்தன நேரங் கழிச்சு?"
ரிக் இரைச்சலில் இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது.
கீழே துணி எடுக்க வந்த ரத்தினா
நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கும் பில்லு போடறீங்களாக்கா?" என்றான்.
அப்புறம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
எண்ணிப் பார்க்கிறான் போல.